மன்னார்க் கரைக்கு ஒரு சின்ன ரீல்

தூண்டில் ரீல் என்பது நூலைச் சுற்றி வைத்திருக்கும் ஓர் உருளை. குளிர்நாட்டு ஓடைகளில் புரூக் ட்ரவுட் பிடிப்பவருக்கு அதற்கு மேல் அதிகம் தேவைப்படுவதில்லை. அந்த மீன் ஓடையில் ஒரு சாணைத் தாண்டினாலே நல்ல மீன். ஓடையின் அகலம் சில இடங்களில் ஒரு கட்டில் நீளந்தான் இருக்கும். மீன் ஓடினாலும் எதிர்க்கரைப் பாறைக்கு அப்பால் போக இடமில்லை. நூலை இடக்கையால் இழுத்தே மீனைக் கரை சேர்த்துவிடலாம். ரீலின் வேலை மிஞ்சிய நூல் காலில் சிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. அதனால்தான் அங்கே எழுபது முதல் நூற்றுப்பத்து கிராம் வரை எடையுள்ள, உள்ளே ஒரு பற்சக்கரமும் அதைத் தட்டும் ஒரு சிறு நாக்கும் மட்டும் கொண்ட, சுற்றும்போது கிரிக் கிரிக்கென்று சத்தமிடும் ரீல் போதுமானதாக இருக்கிறது.

இந்த வகை ரீல் மன்னாருக்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் பயணப் பெட்டிதான். புரூக் ட்ரவுட் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமான மீன்; கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் அதன் இயல்பான வாழிடங்களில் ஒன்று. ரொறன்ரோவும் அதைச் சூழ்ந்த நகரங்களும் ஈழத்தமிழர் செறிந்து வாழும் இடங்கள். அங்கே மீன்பிடிக்கப் பழகிய ஒருவர் ஊருக்கு வரும்போது தடியையும் ரீலையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவது இயல்பு. ஓடைக்கென்று வாங்கிய ரீல் பேசாலைக் கடற்கரையில் என்ன பாடுபடும், அதற்குப் பதிலாக எதை வாங்கியிருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

அந்த ஓடை ரீல் ஃப்ளை தூண்டிலுக்கு உரியது. ஃப்ளை தூண்டில் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் ரீலின் அளவு தானாக விளங்கும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு பறக்கிறது. ஃப்ளை தூண்டிலில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும் சேர்ந்த ஒரு துளிப் பொருள். அதற்கு எடையே இல்லை. பறக்கும் பாரம் நூலுக்குள்ளேயே இருக்கிறது. அந்தத் தடித்த நூலின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை வைத்து 1961இல் அமெரிக்க மீன்பிடிக் கருவி உற்பத்தியாளர் சங்கம் ஓர் எண் வரிசை வகுத்தது. 3ஆம் எண் நூலின் முதல் 30 அடி ஏறத்தாழ ஆறரை கிராம். 6ஆம் எண் பத்தரை கிராமை நெருங்கும். 8ஆம் எண் பதின்மூன்றரை கிராமைத் தாண்டும். தடிக்கும் நூலுக்கும் ரீலுக்கும் இதே எண்தான். ஓடை ட்ரவுட்டுக்கு 2 முதல் 4 வரையான எண்கள் போதும்.

இலங்கையிலும் இந்தியாவிலும் இந்தக் கலைக்குப் பழைய வேர் உண்டு. மலையகத்தில் 1880களிலேயே வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் நுவரெலியா ஓடைகளுக்கு ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து பொரிக்க வைத்தார்கள். பிறகு வந்த வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளி நீரோடைகளில் நிலைகொண்டது. நீலகிரியில் பிரான்சிஸ் டே 1863இல் செய்த முதல் முயற்சி தோற்றது, எச். சி. வில்சனின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் எழுந்த பிறகே ட்ரவுட் அங்கே தங்கியது. அந்தக் காலத்து மலைத்தோட்டத் துரைமாருக்குத் தெரிந்த ரீல்கள் இங்கிலாந்தின் ஹார்டி போன்றோர் செய்த பித்தளை, அலுமினிய உருளைகள். ஹார்டியின் ‘பெர்ஃபெக்ட்’ 1891இல் வெளிவந்தது. அதன் உறவுமுறை ரீல்கள் இன்றும் விற்பனையில் உள்ளன. அமெரிக்காவில் சார்ல்ஸ் ஓர்விஸ் 1874இல் காப்புரிமை பெற்ற ரீலின் பக்கத்தகடுகள் முழுக்கத் துளை. ரீலின் எடை குறைய அது உதவியது. அக்காலத்துப் பட்டு நூல் நனைந்தால் ஊறி அழுகும் என்பதால் காற்றோட்டமாய்க் காய வைக்கவும் அந்தத் துளைகள் பயன்பட்டன. பட்டு நூல் போய்விட்டது. துளைகள் மட்டும் அப்படியே தொடர்கின்றன. மன்னாரில் அந்தத் துளைகளால் கேடும் உண்டு, நன்மையும் உண்டு. அது பின்னால் வரும்.

மன்னார்த் தீவு பெருநிலத்தோடு ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தாம்போதியால் இணைந்து, வடமேற்கே தலைமன்னார்வரை நீண்டு கிடக்கும் மணல் நாக்கு. வடக்கே பாக்குநீரிணைப் பக்கம் ஆழங்குறைந்த, கடற்புல் படர்ந்த கடல். தெற்கே மன்னார் வளைகுடா. ஒரே ஊரில் இரண்டு கடல் என்பதால் காற்றைப் பார்த்துக் கரையை மாற்றிக்கொள்ளலாம். வைகாசி முதல் புரட்டாதிவரை சோளகம் தெற்குக் கரையை அடிக்கும்போது பேசாலைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் வடக்குக் கரை குழம்பும். தாழ்வுபாடு, சவுத்பார் பக்கம் அமைதியாகும். கடற்றொழிலாளர் வாடிகளைக் கரைமாற்றிப் போடுவதும் இந்தக் கணக்கில்தான். ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனால் தரை அவ்வளவு தட்டையாக இருப்பதால் அந்தச் சிறு வற்றிலேயே கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும்.

காற்றின் பலத்துக்கு அத்தாட்சி தேவையென்றால் தெற்குக் கரையோரம் நிற்கும் தம்பபவனி காற்றாலைகளைப் பார்க்கலாம். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் முப்பது காற்றாடிகள் சேர்ந்து 103.5 மெகாவாற் உற்பத்தித் திறன் கொண்டவை. மின்சாரசபை காற்றாலை நிறுத்தத் தேர்ந்தெடுத்த கரையில் ஆறரை கிராம் நூலை வீசுவது நடக்காத காரியம். 3ஆம் எண் நூல் எறிந்தவர் முகத்துக்கே திரும்பி வரும். எனவே ஓடைக்கு வாங்கிய 3ஆம் எண் ரீல் மன்னாரில் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. சிறு மீனுக்கென்றாலும் இங்கே 5 அல்லது 6ஆம் எண் நூல் வேண்டும். சோளகம் முற்றிய மாதங்களில் 7. மீன் சிறியதாயிற்றே என்று நூலைச் சிறிதாக்குவது இந்தக் கரையில் பலர் செய்யும் பிழை.

ஓடை ட்ரவுட்டுக்கு மன்னாரில் நிகரான மீன் எது? அளவில் பார்த்தால் கிழக்கன். தமிழ்நாட்டில் கிழங்கான் என்பார்கள். மணல் தரையில் ஒட்டி மேயும், முப்பது சென்ரிமீற்றரைத் தாண்டாத, உடல் மெலிந்த, கடித்த கணம் தடியின் நுனியைப் படபடவென்று தட்டும் மீன். குழம்புக்கும் பொரியலுக்கும் இதைப் போல முள் தொல்லையில்லாத சிறுமீன் குறைவு. இதற்கு இரண்டு கிலோ தாங்கும் தங்கூசி போதும். எந்த ரீலும் போதும். தொல்லை என்னவென்றால் கடல் கிழக்கனை மட்டும் அனுப்புவதில்லை. அதே மணலில், கிழக்கனுக்குப் போட்ட இறால் துண்டுக்கு, முழங்கை நீளக் கட்டா வந்து கவ்வும். சிறு பாரை வரும். சீலா வந்தால் பல்லால் நூலையே அறுத்துக்கொண்டு போகும். கட்டாவுக்கு எதிர்க்கரை என்று ஒன்றில்லை, திறந்த கடல்தான். ஓடையில் நூலைக் கையால் இழுத்தவர் இங்கே அப்படிச் செய்தால் விரல் அறுபடும். ஆகவே சிறு மீனுக்கென்று ரீல் தேர்ந்தாலும், எதிர்பாராத பெரிய மீன் ஒன்றின் முதல் ஓட்டத்தைத் தாங்குமா என்று பார்த்தே தேர வேண்டும்.

கொள்ளளவுக் கணக்கு இதிலிருந்து வருகிறது. ஃப்ளை நூல் ஏறத்தாழ 27 மீற்றர். அதற்கு அடியில் மெல்லிய பின்னல் நூல் ஒன்று சுற்றி வைப்பார்கள். மீன் ஓடினால் அது தொடர்ந்து போகும். ஓடை ரீலில் 40, 45 மீற்றர் அடிநூல் பேருக்குத்தான் இருக்கும், எவரும் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. மன்னாரில் 100 மீற்றருக்கு இடம் இருக்க வேண்டும். 3ஆம் எண் ரீலில் 6ஆம் எண் நூலை ஏற்றினால் நூலே உருளையை நிறைத்துவிடும், அடிநூலுக்கு இடமிராது.

அடுத்தது விட்டம். ஃப்ளை ரீலில் பற்சக்கரப் பெருக்கம் கிடையாது. கைப்பிடி ஒரு முறை சுற்றினால் உருளை ஒரு முறைதான் சுற்றும். 75 மில்லிமீற்றர் விட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர் நூல் உள்ளே வரும். நூல் பாதி ஓடி, எஞ்சியிருக்கும் சுற்றின் விட்டம் 40 மில்லிமீற்றராகக் குறைந்தால் பன்னிரண்டரை சென்ரிமீற்றர்தான். கட்டா திடீரென்று திரும்பிக் கரையை நோக்கி ஓடிவரும் பழக்கமுடையது. அப்போது முப்பது மீற்றர் தளர்ந்த நூலை ஏற்ற 75 மில்லிமீற்றர் விட்டத்தில் நூற்று முப்பது சுற்றுப் போதும், 40 மில்லிமீற்றரில் இருநூற்று நாற்பது வேண்டும். நூல் தளர்ந்த இடைவெளியில் முள் கழன்றுவிடும். நடுத்தண்டு பருத்த, குழிவு குறைந்த உருளை இங்கே நல்லது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். பருத்த தண்டில் நூல் பெரிய வளையமாகச் சுற்றிக் கிடப்பதால் எறியும்போது சுருள் சுருளாக வராது என்பது கூடுதல் நன்மை.

விட்டத்துக்கும் பிரேக்குக்கும் ஓர் உறவு உண்டு, பலர் கவனிப்பதில்லை. ரீலின் தடை அச்சில் இருக்கிறது, மீன் இழுப்பதோ சுற்றின் ஓரத்தில். நூல் ஓட ஓடச் சுற்றின் விட்டம் குறையும். விட்டம் பாதியானால் அதே நூலை இழுக்க மீனுக்கு இரு மடங்கு விசை வேண்டும். அதாவது எவரும் திருகைத் தொடாமலே தடை இறுகிவிடுகிறது. நீள ஓடிய மீன் கடைசியில் நூலை அறுத்துக்கொண்டு போவதற்கு இது ஒரு பெரிய காரணம். மீன் தூரம் போகும்போது திருகைத் தளர்த்த வேண்டும். பதற்றத்தில் பெரும்பாலோர் இறுக்குகிறார்கள்.

தடை இரண்டு வகை. சத்தமிடும் நாக்குவகையில் தடை மிகக் குறைவு. உருளை மீறிச் சுற்றி நூல் குழம்பாமல் தடுப்பதே அதன் வேலை. மிச்சத் தடையை உள்ளங்கையால் உருளையின் விளிம்பை வருடிக் கொடுக்க வேண்டும். தட்டுவகையில் நெருக்கிய தட்டுகள் உராய்ந்து தடை தரும். தட்டுகள் தக்கையாலோ காபன் இழையாலோ கம்பளியாலோ ஆனவை. பெட்டியில் எட்டுக் கிலோ, பத்துக் கிலோ தடை என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். மன்னார்ச் சிறு தூண்டிலுக்கு அந்த எண் பொருளற்றது. நூலின் தாங்குவலுவில் காற்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரைதான் தடை வைக்க வேண்டும். மூன்று கிலோ நூலுக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ. கைத்தராசை நூலில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க வேண்டியது தடை எப்படித் தொடங்குகிறது என்பதை. நின்ற உருளை முதல் அசைவில் குலுங்கினால், திக்கினால், மெல்லிய நூல் அந்தக் கணத்திலேயே அறும். வெண்ணெயில் கத்தி போவதுபோலப் புறப்பட வேண்டும். அந்த மென்மை உள்ள ஒரு கிலோத் தடை, அது இல்லாத பத்துக் கிலோத் தடையைவிட மேல்.

இனி உப்பு. மன்னாரில் ரீல் வாங்குபவர் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மலையோடை நீர் ரீலின் மேல் பட்டால் காய்ந்து போகும், அடையாளம் இருக்காது. கடல்நீர் காய்ந்தால் உப்பு மிஞ்சும். அந்த உப்பு அப்படியே கிடப்பதுமில்லை: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது அது தானாக ஈரத்தை உறிஞ்சிக் கரைகிறது. கரையோர இரவுகளில் இது நாள்தோறும் நடப்பது. பகலில் காய்ந்து வெள்ளைப் பொடியாகத் தெரிந்த ரீல் விடியற்காலையில் உள்ளே மறுபடி கடல்நீரில் ஊறிக்கொண்டிருக்கும். மீன்பிடித்தது ஒரு நாள். அரிப்பு அதன்பின் ஒவ்வோர் இரவும்.

அரிப்பை விரைவாக்குவது இரு உலோகங்கள் தொடுவது. அலுமினியச் சட்டத்தில் துருவேறா உருக்கு ஆணி இறக்கியிருந்தால், இரண்டுக்கும் நடுவே உப்புநீர் புகுந்ததும் அலுமினியம் தின்னப்படும். ஆணி பளபளப்பாகவே இருக்கும். அதைச் சூழ்ந்த துளை வெள்ளையாய்ப் பொரிந்துபோகும். பிறகு ஆணியைக் கழற்ற முடியாது. எத்தனை உலோகம், எத்தனை ஆணி என்று எண்ணிப் பார்த்தாலே ஒரு ரீலின் ஆயுளைக் கணிக்கலாம். முழு அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்து, மின்முறையில் மேற்பூச்சு ஏற்றியது நல்லது. உருக்கி அச்சில் வார்த்தது மலிவு; அதன் நுண்துளைகளில் உப்பு தங்கும், விழுந்தால் விரியும். மக்னீசியம் கலந்த மிக இலேசான ரீல்களை இந்தக் கரைக்கு வாங்கவே கூடாது. மேற்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்து புண்போலப் பரவும். காபன் கலந்த பிளாஸ்ரிக் சட்டம் அரிக்கப்படாது, பார்வைக்கு எளியது. இறுகப் பிடித்தால் சற்று வளையும். சிறு மீனுக்கு அந்த வளைவு பொருட்டில்லை. விலை குறைந்த ரீல்தான் வாங்க முடியும் என்றால் வார்ப்பு அலுமினியத்தைவிடப் பிளாஸ்ரிக் சட்டமே மன்னாருக்குப் பொருந்தும்.

தட்டுத்தடையை முழுக்க மூடி முத்திரையிட்ட ரீல்களும் உண்டு. நீர் உள்ளே போகாது என்பது அவற்றின் பெருமை. உள்ளே போய்விட்டால் வெளியே வரவும் வழியில்லை என்பது அதன் மறுபக்கம். முத்திரை வளையம் தேய்ந்தால் திறக்கத் தனிக் கருவி வேண்டும், வளையத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். மன்னார்ப் பட்டினத்துக் கடைகளில் வலையும் மிதப்பும் ஈயமும் எளிதில் கிடைக்கும். ஃப்ளை ரீலின் முத்திரை வளையத்துக்கு ரொறன்ரோவுக்குத்தான் எழுத வேண்டும். ஆகவே கரையிலேயே வாழ்பவருக்கு உகந்தது, உருளையைக் கருவி எதுவுமின்றிக் கழற்றக் கூடியதும், அச்சும் நாக்கும் தட்டும் கண்ணுக்குத் தெரியும்படி திறந்ததுமான ரீல். ஆண்டுக்கு இரு வாரம் வந்துபோகிறவருக்கு முத்திரையிட்டது சரி. திரும்பிப் போய்ப் பழுது பார்த்துக்கொள்வார்.

முன்னே சொன்ன துளைகளின் கதை இங்கே வருகிறது. துளை நிறைந்த பக்கத்தகடு சோளகத்து மணலை உள்ளே விடும். மன்னார் மணல் மாவுபோல நுண்ணியது. அச்சில் ஒரு சிட்டிகை போனால் அரம்போல அராவும். ஆனால் அதே துளைகள்தான் நல்ல தண்ணீர் ஊற்றும்போது உப்பையும் மணலையும் வெளியே விடுகின்றன. இரண்டையும் எடைபோட்டால் துளையுள்ளதே மேல். மணலைத் தவிர்க்க மீன்பிடிப்பவரால் முடியும், உப்பைத் தவிர்க்க முடியாது. ரீலைத் தரையில் வைக்காமலிருந்தாலே பாதி மணல் குறைந்துவிடும்.

உருளைக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்தையும் பார்க்க வேண்டும். மலிவான ரீலில் அந்தச் சந்து அகன்றிருக்கும். காற்றில் தளர்ந்த மெல்லிய தங்கூசி அதற்குள் நுழைந்து அச்சில் சுற்றிக்கொள்ளும். சட்டம் முழு வளையமாக உருளையைச் சூழ்ந்திருந்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இவ்வளவும் ஃப்ளை ரீலைப் பற்றி. மன்னார்க் கரையில் சிறு தூண்டில் போட விரும்பும் பெரும்பாலோருக்கு ஃப்ளை ரீல் முதல் தெரிவாக இருக்க வேண்டியதில்லை. காற்று, கடற்புல், முழங்கால்வரை நீரில் நின்று நூறு முறை எறிய வேண்டிய களைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உருளை அசையாமல் நூல் அதன் விளிம்பிலிருந்து கழன்றோடும் சுழல்தூண்டில் ரீல்தான் நடைமுறைக்கு ஏற்றது. ஆல்ஃபிரட் இல்லிங்வேர்த் 1905இல் காப்புரிமை பெற்ற எண்ணம் அது; இலேசான பாரத்தையும் காற்றை ஊடறுத்து எறிய அதைவிடச் சிறந்த வழி இன்னும் வரவில்லை. கடைகளில் 1000, 2000, 2500 என்று அளவு குறித்திருப்பார்கள். 1000 கிழக்கனுக்குப் போதும், கட்டாவுக்குப் போதாது. 2500 இரண்டுக்கும் நடுநிலை. 47 மில்லிமீற்றர் உருளையும் ஐந்துக்குச் சற்று மேற்பட்ட பற்சக்கரப் பெருக்கமும் இருந்தால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு முக்கால் மீற்றர் நூல் ஏறும். ஃப்ளை ரீலின் 23 சென்ரிமீற்றரோடு ஒப்பிட்டால், கரைநோக்கி ஓடிவரும் கட்டாவுக்கு எது ஈடுகொடுக்கும் என்பது தெரியும்.

சுழல்தூண்டில் ரீலில் உப்பு முதலில் பிடிக்கும் இடம் நூல் வளைந்து ஏறும் சிறு உருளி. நனைந்த நூல் ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல் கடல்நீரைப் பிழிந்துவிடுகிறது. அது சுற்றாமல் இறுகினால் மெல்லிய பின்னல் நூல் அதில் அறுத்து அறுத்துப் பஞ்சாகும். வாங்கும்போதே அந்த உருளி ஓர் ஆணியைக் கழற்றினால் வெளியே வருமா என்று பார்ப்பது நல்லது. கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒருவழித் தாங்கி இன்னொரு பலவீனமான இடம்; அதற்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளிக்கு மேல் ஆகாது. கிரீஸ் பட்டால் வழுக்கிப் பின்னோக்கிச் சுழலத் தொடங்கும். பெட்டியில் பத்துத் தாங்கி, பன்னிரண்டு தாங்கி என்று எழுதியிருப்பது உப்புக் கரையில் பெருமையல்ல. நான்கு தாங்கி உள்ள ரீலில் துருப்பிடிக்க நான்கு இடம், பன்னிரண்டில் பன்னிரண்டு.

இந்த இரண்டு ரீலுக்கும் முன்பே இந்தக் கரையில் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது: கட்டையிலோ வெற்றுப் போத்தலிலோ சுற்றிய தங்கூசி. பள்ளிமுனைச் சிறுவர் பாலத்தடியில் தூண்டில் போடுவதும் இதைக் கொண்டுதான். போத்தலை நுனி கடலைப் பார்க்கப் பிடித்து ஈயத்தைச் சுழற்றி எறிந்தால், நூல் போத்தலின் கழுத்து வழியே வளையம் வளையமாகக் கழன்றோடும். இல்லிங்வேர்த் ரீலின் தத்துவம் அதேதான். பிரேக் விரல்தான், அதைவிட மென்மையாகப் புறப்படும் தடையை எந்தக் கம்பனியும் செய்ததில்லை. உப்பு தின்ன அதில் உலோகமில்லை. புதிய ரீல் வாங்குபவர் அதைக் கைத்தூண்டிலோடு ஒப்பிட வேண்டும்: தூரம் எறிவதிலும், மெல்லிய நூலைத் தடியின் வளைவால் காப்பதிலும், விரலைக் காப்பதிலும் கைத்தூண்டிலை வெல்லாத ரீலுக்குக் காசு கொடுப்பது வீண்.

பழைய ரீல் வாங்கும்போதோ, உறவினர் தந்ததைச் சோதிக்கும்போதோ உருளையைக் கழற்றி உட்புறத்தை வெயிலில் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினியம் அரிக்கப்படுகிறது. மேற்பூச்சு கொப்புளித்திருந்தால் அடியில் அரிப்பு ஓடியிருக்கிறது. தடைத் திருகை மெல்லத் திருப்பினால் தடை படிப்படியாக ஏற வேண்டும். தளர்ந்திருந்து திடீரென்று இறுகினால் தட்டு உலர்ந்துவிட்டது. உருளையைச் சுண்டிவிட்டுக் காதருகே வைத்தால் மணல் அராவும் சத்தம் கேட்டுவிடும். இடக்கைச் சுற்றுக்கும் வலக்கைச் சுற்றுக்கும் மாற்ற முடியுமா என்பதும் கேட்க வேண்டியது. நாக்குவகை ரீலில் நாக்கைப் புரட்டிப் போட்டாலே மாறிவிடும்.

நூல் விஷயத்தில் கனடாவிலிருந்து வந்தவருக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. குளிர்நீருக்கென்று செய்த ஃப்ளை நூலின் மேற்பூச்சு மென்மையானது, குளிரில் விறைக்காதிருக்க அப்படிச் செய்கிறார்கள். 28, 30 பாகைச் சூட்டில் இருக்கும் மன்னார்க் கடலில் அது குழைந்து, தடி வளையங்களில் ஒட்டி, எறியவே முடியாமற் போகும். வெப்பக்கடலுக்கான விறைப்பு நூல் தனியாக வாங்க வேண்டும். ரீல் நல்லதாயிருந்து நூல் தவறானதால் ரீலைக் குறை சொன்னவர்கள் பலர். சுழல்தூண்டிலில் பின்னல் நூல் போடுபவர், அடியில் சில மீற்றர் சாதாரணத் தங்கூசி சுற்றிவிட்டு அதன் மேல் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வழுக்கும் பின்னல் நூல் முழுச்சுற்றாக உருளையிலேயே சுழலும். உருளையின் விளிம்புக்கு ஓரிரு மில்லிமீற்றர் கீழேவரை நூல் நிறைய வேண்டும். குறைந்தால் தூரம் போகாது. நிறைந்து வழிந்தால் கொத்தாகக் கழன்று சிக்கும். தங்கூசி வலைக்கு நாட்டில் தடையிருப்பதால் தங்கூசித் தூண்டிலுக்கும் தடையோ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தடை வலைக்குரியது. அறுந்த தங்கூசியைக் கரையிலோ கடற்புல்லிலோ விட்டுவிடக் கூடாது. ஆமையின் துடுப்பிலும் கொக்கின் காலிலும் சுற்றி அது கொல்லும்.

எங்கே போடலாம் என்பதிலும் கவனம் வேண்டும். தாம்போதியை அண்டிய வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தலைமன்னாருக்கு அப்பால் மணல்திட்டுகள் 2015 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கெல்லாம் இறங்குமுன் அனுமதி கேட்பது கட்டாயம். கரைவலை இழுக்கும் இடத்தில், வலை வளைக்கப்பட்டிருக்கும் நேரம் தூண்டில் எறிவது தொழிலாளரின் வயிற்றில் அடிப்பது. முள் வலையில் மாட்டினால் கண்ணி கிழியும். வலை கரையேறிய பிறகு கேட்டுக்கொண்டு போட்டால் எந்த இடத்தில் மீன் நிற்கிறது என்பதை அவர்களே சொல்லித் தருவார்கள். ஓரா மாட்டினால் முள்ளை வெறுங்கையால் கழற்றக் கூடாது. அதன் முதுகு முட்களில் நஞ்சு.

கரையிலிருந்து வந்ததும் ரீலுக்குச் செய்ய வேண்டியது உப்பைக் கழுவுதல். தீவில் பல கிணறுகள் உவர். உவர்நீரில் கழுவினால் உப்பின் மேல் உப்புத்தான் சேரும். குடிக்கும் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ இரண்டு லீற்றர் போதும். குழாயைப் பீச்சி அடித்தால் உப்பு தாங்கிக்குள் ஏறும். மெல்ல ஊற்ற வேண்டும். சுழல்தூண்டில் ரீலின் தடைத் திருகை ஊற்றுமுன் இறுக்கினால் தட்டுக்குள் நீர் போகாது. ஃப்ளை ரீலின் உருளையைக் கழற்றி, இரண்டு பாகத்தையும் சற்று நேரம் நீரில் ஊறவிட்டு, துணியால் ஒற்றி, நிழலில் காயவைக்க வேண்டும். அடிநூல் வரை நனைந்திருந்தால் நூலையும் அவிழ்த்துக் கழுவ வேண்டும். உள்ளே பூட்டிக் கிடக்கும் உப்புநீர்தான் உருளையின் தண்டைத் தின்பது. காய்ந்தபின் அச்சுக்கும் நாக்குக்கும் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகி மணலைப் பிடித்து வைக்கும். பற்சக்கரத்துக்குப் படகு இயந்திரத்துக்கு இடும் கடற்கிரீஸ் ஒரு பொட்டு. கடைசியாகத் தடைத் திருகை முழுக்கத் தளர்த்தி, காற்றுப் புகும் துணிப்பையில் தொங்கவிட வேண்டும். இறுகிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தக்கைத் தட்டு நசுங்கி, அடுத்த முறை முதல் ஓட்டத்திலேயே திக்கும்.